படகே வீடாக ஒரு வாரம்: இங்கிலாந்துக் கால்வாய்ப் பயணம் - வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறைக்கு நேரோபோட் (குறுகலான, நீண்ட கால்வாய்ப் படகு) வாடகைக்கு எடுப்பது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு 14, 11, 7 வயது. ஆகஸ்டில் ஒரு கிழமை படகு எடுக்க யோசிக்கிறோம். ஒருவருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. லைசென்ஸ் வேணுமோ? ‘ஃபோர் கவுண்டீஸ் ரிங்’ என்ற சுற்றுப்பாதை நல்லது என்கிறார்கள். முதல் தடவைக்குச் சரிவருமோ?
- வாசகி, ஹாரோ

லைசென்ஸ் தேவையில்லை. படகைக் கையில் கொடுக்கும்போது நிறுவனத்தாரே ஓட்டிக்காட்டிச் சொல்லித்தருவார்கள். அதை ஒருவர் மட்டும் கேட்டால் போதாது. பெரியவர்கள் இருவரும் மூத்த பிள்ளையும் கூட நின்று கேளுங்கள்.

அந்தச் சுற்றுப்பாதை இந்த முறை வேண்டாம். கால்வாய்க்காரர்கள் நேரம் கணக்குப் பார்க்கும் முறை எளிது: மைலையும் லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி) எண்ணிக்கையையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். ஃபோர் கவுண்டீஸ் ரிங் ஏறத்தாழ 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, வகுத்தால் 68 மணி நேரம். ஒரு வாரம் என்று பெயர்தானே தவிர, பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலில்தான் படகில் ஏறுவீர்கள், கடைசி நாள் காலையிலேயே திருப்பித் தரவேண்டும். நடுவில் முழு நாட்கள் ஆறுதான். தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் முடியும். ஏழு வயதுக் குழந்தையோடு அது விடுமுறையாக இருக்காது. சுற்றுப்பாதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாதி தாண்டிய பிறகு மனம் மாறினாலும் திரும்புவதில் லாபமில்லை. எங்காவது ஒரு லாக் பழுதாகி வழி அடைபட்டால் முழுத் திட்டமும் போய்விடும்.

போன வழியே திரும்பும் பாதைதான் உங்களுக்கு ஏற்றது. வேல்ஸ் எல்லையில் லங்கோலன் கால்வாயைப் பாருங்கள். ட்ரெவரிலோ சர்க்கிலோ படகு எடுத்தால், லங்கோலன் ஊர் வரை போய்த் திரும்பி, மறுதிசையில் ஏரிகள் சூழ்ந்த எல்ஸ்மியர் வரை வரலாம். இந்த நீளம் முழுவதற்கும் நியூ மார்ட்டனில் உள்ள இரண்டு லாக்தான். தினம் நாலைந்து மணி நேரம் ஓட்டினாலே போதும். டீ ஆற்றுத் தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அதனால் இங்கே நீரோட்டம் உண்டு. லங்கோலனை நோக்கிப் போகும்போது எதிர்நீர். குறுகலான இடங்களில் படகு ஊர்ந்துதான் போகும். என்ஜினை முறுக்கிப் பயனில்லை, அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆகஸ்டில் கூட்டம் அதிகம் என்பது மட்டுமே குறை.

லாக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஷ்பி கால்வாய் இருக்கிறது. மார்ஸ்டன் சந்திப்பில் தொடங்கி 22 மைலும் சமதளம், ஒரு லாக்கும் இல்லை. ஆனால் 11, 14 வயதுப் பிள்ளைகளுக்கு லாக்கில் வேலை செய்வதுதான் பயணத்தின் சுவையே. ஒன்றிரண்டாவது இருக்கட்டும்.

மகள் மில்டன் கீன்ஸில் இருக்கிறாள். நாங்கள் போகும்போது எல்லோருமாகப் படகு எடுப்பதாக ஏற்பாடு. எனக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு. ‘57 அடி’, ‘6+2 படுக்கை’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், கோவை

எந்தப் படகானாலும் அகலம் ஒன்றுதான்: 6 அடி 10 அங்குலம். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி வெட்டிய கால்வாய்களில் லாக்குகள் 7 அடி அகலத்துக்கு அமைந்தன. படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். சுவர்கள் போக உள்ளே 6 அடிதான் மிஞ்சும். இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிவரும்.

நீளம்தான் வேறுபடும். 57 அடிக்குள் இருந்தால் நாட்டின் ஏறக்குறைய எல்லாக் கால்வாய்களிலும் போகலாம். வடக்கே சில லாக்குகள் குட்டையானவை.

‘6+2’ என்றால் ஆறு நிலையான படுக்கை, மீதி இரண்டு சாப்பாட்டு மேசையை இறக்கிப் போடுவது. இரவில் போட்டு, காலையில் எடுத்தால்தான் மற்றவர்களுக்கு டிபன். மூட்டுவலி உள்ளவருக்கு அது ஆகாது. உங்களுக்கென்று நிலையான படுக்கை, பக்கத்திலேயே கழிப்பறை என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இரண்டு கழிப்பறை உள்ள படகு கிடைத்தால் விடாதீர்கள். இரு முனைகளிலும் உள்ளே இறங்க செங்குத்தான படிகள் உண்டு, கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். படகு ஓட்டுவது பின்முனையில், நின்றபடி. நீங்கள் உட்கார முன்முனைத் தளம் இருக்கிறது. என்ஜின் சத்தம் அங்கே அவ்வளவாக வராது. பேரக்குழந்தைகளும் ஓட்டுபவர் பக்கத்தில் நிற்க ஆசைப்படுவார்கள் என்றால், பின்தளத்தில் பக்கச்சுவர் வைத்த ‘செமி ட்ராட்’ வகையைக் கேளுங்கள். பழைய ‘ட்ராட்’ வகையில் அங்கே ஒருவர்தான் பத்திரமாக நிற்க முடியும்.

லாக்கில் படகு மாட்டி மூழ்கிய செய்தி ஒன்று படித்தேன். அதிலிருந்து மனைவி பயப்படுகிறார். அது எப்படி நடக்கிறது? சரியான முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.
- வாசகர், பர்மிங்காம்

பயத்தைவிட முறை தெரிந்திருப்பது நல்லது, அதனால் விரிவாகவே சொல்கிறோம். லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி. மேல் கதவருகிலும் கீழ்க் கதவிலும் தண்ணீர் விட ‘பேடில்’ என்ற சிறு மதகுகள் உண்டு. விண்ட்லாஸ் என்ற வளைந்த இரும்புக் கைப்பிடியால் அவற்றைத் திருகித் தூக்க வேண்டும்.

மேலே ஏறும்போது: லாக்குக்கு முன்னால் கரையில் ஆளை இறக்குங்கள். தொட்டி காலியாக இருக்கவேண்டும். நிரம்பியிருந்தால், முதலில் எதிரே படகு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை விடுங்கள், தண்ணீர் மிச்சம். ஒரு முறை லாக்கை இயக்கினால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கீழே போகிறது. படகு உள்ளே வந்ததும் கீழ்க் கதவுகளை மூடி, அவற்றின் பேடில்களும் இறங்கிவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே தரையோடு இருக்கும் பேடிலைப் பாதி திறவுங்கள். படகு ஆட்டம் அடங்கியதும் முழுக்கத் திறக்கலாம். மேல் கதவிலேயே பேடில் இருந்தால் அதை அவசரப்பட்டுத் தொடக்கூடாது. அந்தத் துவாரம் தண்ணீருக்குள் மூழ்கும் முன் திறந்தால், பீய்ச்சும் நீர் நேரே படகின் முன்தளத்தில் விழுந்து உள்ளே நிரம்பும். இரு பக்க நீர்மட்டமும் ஒன்றானால்தான் கதவு அசையும். அதுவரை தள்ளுவது வீண்.

கீழே இறங்கும்போதுதான் நீங்கள் படித்த விபத்து நடக்கிறது. மேல் கதவின் அடியில் ஒரு திட்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ‘சில்’ என்று பெயர். தொட்டி நிரம்பியிருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. படகு பின்னால் நகர்ந்து அதன் மேல் நின்றுவிட்டால், தண்ணீர் வடிய வடியப் பின்முனை திட்டில் தங்கும், முன்முனை மட்டும் இறங்கும். ஓரளவுக்கு மேல் சாய்ந்தால் முன்பக்கம் தண்ணீர் புகுந்துவிடும். திட்டு எதுவரை என்று லாக் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் வடிந்து முடியும்வரை படகின் பின்முனை, சுக்கான் உட்பட, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கவேண்டும். ஓட்டுபவரின் முழு வேலையும் அதுதான். அப்போது போனும் வேண்டாம், படமும் வேண்டாம்.

மீறி மாட்டிவிட்டால் செய்யவேண்டியது இரண்டு. கீழ் பேடில்களை உடனே இறக்குங்கள். பிறகு மேல் பேடிலை மெதுவாகத் திறந்து தொட்டியில் தண்ணீர் ஏற்றுங்கள், படகு மிதந்துவிடும். இதற்காகத்தான் தண்ணீர் வடியும்போது பேடில் அருகே இருப்பவர் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது. இறங்கும்போது கயிற்றைக் கரையில் முடிச்சுப் போட்டுக் கட்டவும் கூடாது. படகு கயிற்றில் தொங்கிவிடும்.

இன்னும் இரண்டு. படகின் பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் தடுப்புகளை லாக்குக்கு முன் தூக்கிவிடுங்கள். 7 அடி லாக்கில் அவை சுவருக்கும் படகுக்கும் இடையில் சிக்கிப் படகை நிறுத்திவிடும். விண்ட்லாஸை ஒருபோதும் திருகுமுனையில் விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள். பல்சக்கரத்தின் கொக்கி நழுவினால் அது சுழன்று, கையையோ முகத்தையோ உடைத்துவிடும்.

குக்கர், மிக்ஸி எல்லாம் படகில் ஓடுமா? சமையல் எப்படி?
- வாசகி, லெஸ்டர்

கேஸ் அடுப்பு இருக்கும், பிரஷர் குக்கர் தாராளமாக வைக்கலாம். மிக்ஸி, ரைஸ் குக்கர் வேண்டாம். விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. பகலில் என்ஜின் ஓடும்போதுதான் அது சார்ஜ் ஆகும். இரவு 8 முதல் காலை 8 வரை கரையில் நிற்கும்போது என்ஜின் போடக்கூடாது என்று விதியும் உண்டு. மசாலா அரைத்து, பொடி இடித்து எடுத்துப் போங்கள். இட்லி மாவு கொண்டுபோனால் பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும். படகு ஃபிரிட்ஜ் சிறியது, மாவு பொங்கினால் துடைக்க இடமிருக்காது.

பாத்திரம் கழுவும் தண்ணீர் நேரே கால்வாயில்தான் விழும். எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். தாளித்த சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். புளிச்சக்கை, கறிவேப்பிலை குழாயை அடைக்கும்.

கழிப்பறை வேறு. அது அடியில் உள்ள தொட்டியில் சேரும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், அளவோடு ஊற்றுங்கள். டிஷ்யூ பேப்பர் தவிர எதையும், குறிப்பாக ஈரத்துடைப்பான்களை, போடக்கூடாது. அடைத்தால் முழுப் படகுக்கும் விடுமுறை கெட்டுப்போகும். குடிநீர்த் தொட்டியை, கரையில் குழாய் தென்படும்போதெல்லாம் நிரப்பிவிடுங்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கேஸ் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கசிந்த கேஸ் காற்றைவிட கனம், படகின் அடியில் தங்கும், வெளியேற வழியில்லை. நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், சிலிண்டரை மூடிவிட்டு எல்லோரும் கரைக்கு வாருங்கள். குளிர் என்று அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது, காற்றுத்துளைகளைத் துணியால் அடைப்பது இரண்டும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் ஒலிக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

நடுவழியில் படகு நின்றுவிட்டால்?
- வாசகர், திருச்சி

பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, சேற்றில் தட்டுவது. கால்வாய் நடுவில் ஆழம், ஓரத்தில் தூர். முன்னால் முறுக்கினால் இன்னும் ஏறி உட்காரும். ரிவர்ஸ் போட்டு, எல்லோரும் ஆழமான பக்கம் நகர்ந்து நின்று, நீளக் கழியால் அடியைத் தள்ளுங்கள். கழியை நெஞ்சுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, தண்ணீருக்கு அடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் துணியோ பிளாஸ்டிக் பையோ சுற்றுவது. படகு வேகம் குறையும், புகை அதிகமாகும், பின்புறம் அதிரும். என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்தளத்துக்கு அடியில் இருக்கும் ‘வீட் ஹேட்ச்’ மூடியைத் திறந்து கையை விட்டு எடுக்கலாம், கையுறை அவசியம். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பூட்டாமல் என்ஜினைப் போட்டால் விசிறியே தண்ணீரை உள்ளே இறைத்துவிடும். படகு மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.

ஏழு வயதுப் பையன், நீச்சல் தெரியாது. கூட்டிப்போகலாமா?
- வாசகி, சென்னை

போகலாம். வெளித்தளத்திலும் லாக் அருகிலும் லைஃப் ஜாக்கெட் கழற்றக்கூடாது என்பது முதல் விதி. நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை வேண்டும். 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு பெரிது. கால்களுக்கிடையே போடும் பட்டியும் மாட்டியிருக்கவேண்டும்.

கால்வாயில் விழுந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் எழுந்து நிற்கலாம், குழந்தைக்கு அது பொருந்தாது. யார் விழுந்தாலும் ஓட்டுபவர் உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவேண்டும். காப்பாற்றும் பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டால் விசிறி ஆளை இழுக்கும்.

அதைவிட அடிக்கடி நேர்வது நசுங்கும் காயம். 57 அடிப் படகு ஏறக்குறைய 17 டன் இரும்பு. சுவரில் இடிக்கப் போகிறதென்று கையையோ காலையோ நீட்டினால் எலும்பு உடையும். இடிக்கட்டும், படகு அதற்காகச் செய்யப்பட்டதுதான். கூரை மேல் உட்காரவைக்காதீர்கள், பாலங்கள் தாழ்வானவை. கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

பொன்ட்கசில்டெ பாலத்தில் கம்பித் தடுப்பே இல்லையாமே?
- வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு பக்கம்தான் இல்லை. 1805-இல் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டிய இந்த நீர்ப்பாலம், லங்கோலன் கால்வாயைச் சுமந்தபடி, டீ ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில், 1,007 அடி நீளத்துக்கு இரும்புத் தொட்டியாக நிற்கிறது. 2009 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்போடு சரி. படகு அந்த விளிம்பைத் தாண்டிப் போக வழியில்லை, எட்டிப்பார்க்கும் ஆள்தான் ஆபத்து. உயரத்துக்குப் பயந்தவர்கள் படகுக்குள்ளேயே இருக்கலாம். நடைபாதையில் நடந்தும் வரலாம். ஒரு படகுக்குத்தான் அகலம், அதனால் எதிரே வருகிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். அதே கால்வாயில் உள்ள 459 கஜ சர்க் சுரங்கத்துக்கும் அதே விதி. முன்விளக்கைப் போடுங்கள், எதிரே விளக்குத் தெரிந்தால் காத்திருங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது? கட்டணம் உண்டா?
- வாசகி, குரொய்டன்

நடைபாதைப் பக்கம் பெரும்பாலும் இலவசம். பலகையில் 24 மணி, 48 மணி என்று போட்டிருந்தால் அதற்கு மேல் நிற்கக்கூடாது. லாக், பாலம், வளைவு, தண்ணீர்க் குழாய், படகு திருப்பும் அகலமான இடம் ஆகியவற்றின் அருகே கட்டக்கூடாது. முன்னும் பின்னும் இரண்டு கயிறு, படகிலிருந்து சாய்வாக விலகிப் போகும்படி கட்டுங்கள். நடுக்கயிற்றை மட்டும் கட்டினால், அடுத்த படகு கடக்கும்போது உங்கள் படகு சாய்ந்து பாத்திரமெல்லாம் கவிழும். கரையில் இரும்புத் தகடு இருந்தால் அதன் பின்னால் கொக்கி மாட்டுவது, ஆணி அடிப்பதைவிட உறுதி. ஆணிதான் என்றால் முழுக்க அடித்து, மேலே வெள்ளைப் பை ஒன்றைக் கட்டிவிடுங்கள், சைக்கிளில் வருபவர் தடுக்கி விழாமலிருக்க. இருட்டியபின் வாடகைப் படகை ஓட்ட அனுமதியில்லை. வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து மணிவாக்கில் இடம் தேடத் தொடங்குங்கள்.