ரூபியில் கிளாஸைத் திறந்து எழுதினால் யாருக்கெல்லாம் தெரியும்? கேள்வி பதில்

ரூபி புரோகிராமிங் மொழியோடு வரும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) கிளாஸைத் திறந்து ஒரு மெத்தட் சேர்த்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. சீனியர் ஏன் கூடாது என்கிறார்?

நீங்கள் எழுதியது ஒரு ஃபைலில். ஆனால் அது ஓடும் புரோகிராம் முழுவதற்கும் பொருந்தும், நீங்கள் திறந்தே பார்க்காத ஜெம்கள் (மற்றவர்கள் எழுதிய ரூபி லைப்ரரிகள்) உட்பட. நான் பட்டதைச் சொல்கிறேன். ரூபி 1.9-இல் ஸ்ட்ரிங்கிலிருந்து, உள்ளிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் 'ஈச்' மெத்தடை எடுத்துவிட்டார்கள். எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியிருந்ததால் நானே ஒரு 'ஈச்' சேர்த்தேன். பில் அச்சடிக்கும் ஜெம் ஒன்று, கொடுத்ததில் 'ஈச்' இருந்தால் பட்டியல், இல்லாவிட்டால் ஒற்றை மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் பில்லில் வாடிக்கையாளர் பெயர் வரிக்கு ஓர் எழுத்தாக இறங்கியிருந்தது. எர்ரர் எதுவும் இல்லை. அரை நாள் அந்த ஜெம்மைத்தான் குடைந்துகொண்டிருந்தேன்.

அப்படியானால் மாற்றம் தெரியும் இடத்தைக் கட்டுப்படுத்தும் ரிஃபைன்மென்ட்தான் தீர்வா?

ஆமாம். 2013 பிப்ரவரியில் ரூபி 2.0-இல் சோதனையாக வந்தது, அதே டிசம்பரில் 2.1-இல் நிலைத்தது. ஒரு மாட்யூலுக்குள் 'ரிஃபைன்' என்று மாற்றத்தை எழுதிவைத்து, தேவைப்படும் ஃபைலில் 'யூசிங்' போடுங்கள். அந்த வரியிலிருந்து ஃபைல் முடியும்வரை மட்டும் மாற்றம் தெரியும். கிளாஸுக்குள் போட்டால் அந்த கிளாஸின் 'எண்ட்' வரை. மெத்தடுக்குள் போட முடியாது. என் 'ஈச்' இப்படி இருந்திருந்தால் பில் ஜெம்முக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது.

மதிப்பை ஸ்ட்ரிங்காக்கும் 'டூ-எஸ்' மெத்தடை ரிஃபைன் செய்தேன். 'புட்ஸ்' பழையதையே அச்சிடுகிறதே?

எல்லோரும் இடறும் இடம் இது. எந்த வரியில் கூப்பிடுகிறோம் என்பதுதான் கணக்கு. 'புட்ஸ்' தனக்குள்ளேயே 'டூ-எஸ்' கூப்பிடுகிறது, அந்த அழைப்பு உங்கள் ஃபைலில் இல்லை. நீங்களே 'டூ-எஸ்' கூப்பிட்டு, வருவதை 'புட்ஸ்' கையில் கொடுங்கள், சரியாக வரும். ஸ்ட்ரிங்குக்குள் மதிப்பைச் செருகும்போது 2.5-லிருந்து ரிஃபைன்மென்ட் வேலை செய்கிறது.

ரூபியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் மட்டும் எண்களுக்கு 'டேஸ்' (நாட்கள்) மெத்தட் சேர்க்கிறதே, அது தப்பில்லையா?

இல்லை. ரெயில்ஸை எடுப்பவர் அதைச் சேர்க்கும் ஆக்டிவ் சப்போர்ட் ஜெம்மும் வருகிறது என்று தெரிந்தேதான் எடுக்கிறார். உங்கள் சொந்த அப்ளிகேஷனிலும் கிளாஸைத் திறக்கலாம், உடைந்தால் சரிசெய்வது நீங்கள்தான். ஜெம் எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அங்கே உடைவது முகம் தெரியாத ஒருவரின் புரோகிராம்.

ஜாவாஸ்கிரிப்டில் இப்படி வழி உண்டா?

கிடையாது. ப்ரோட்டோடைப்பில் (ஒரு வகைப் பொருள்கள் எல்லாம் மெத்தட் எடுக்கும் பொது இடம்) சேர்த்தால் பக்கம் முழுக்கத் தெரியும். மூட்டூல்ஸ் என்ற லைப்ரரி அரேக்கு (பட்டியலுக்கு) 'ஃப்ளாட்டன்' சேர்த்திருந்தது. 2018-இல் மொழியே அந்தப் பெயரில் ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தபோது பழைய தளம் உடைந்தது, கடைசியில் பெயரை 'ஃப்ளாட்' என்று மாற்றினார்கள். கோட்லின் மொழிப் பக்கம் வாருங்கள், அங்கே வேறு பேக்கேஜில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை (வெளியிலிருந்து சேர்த்த மெத்தடை) இம்போர்ட் செய்த ஃபைலில்தான் கூப்பிட முடியும்.