ஆராய்ச்சியில் பலன் தந்த இதய மருந்து அம்மாவுக்கும் பலன் தருமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 76 வயது. இதயம் பலவீனம், எக்கோவில் பம்பிங் 30 வீதம் என்றார்கள். சீனி வருத்தமும் உண்டு. சிறுநீரக அளவான ஈஜிஎஃப்ஆர் 42, பிரஷர் 96/60. எனலாப்ரில், ஃபுரோசமைட், ஸ்பைரோனோலக்டோன் குளிசைகள் எடுக்கிறா. சகுபிட்ரில்-வல்சார்டன் என்ற புது மருந்து ஆபத்தை 20 வீதம் குறைக்கும் என்று வாசித்த தம்பி, கனடாவிலிருந்து அனுப்புகிறேன் என்கிறான். கிளினிக்கில் அதை எழுதவில்லை. கொடுக்கலாமா?"

இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். எனலாப்ரிலோடு இந்த மருந்தைச் சேர்த்துப் போட்டால் முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சே அடைபடலாம். எனலாப்ரிலை நிறுத்தி 36 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் இதைத் தொடங்கலாம், அதுவும் வைத்தியர் சொன்னால் மட்டும்.

தம்பி வாசித்தது பொய் அல்ல. 2014இல் வெளியான பாரடைம் ஆய்வில் 8,000க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 27 மாதங்களில், எனலாப்ரில் எடுத்தவர்களில் 26.5 வீதமானோர் இதய நோயால் இறந்தார்கள் அல்லது இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்ந்தார்கள். புது மருந்து எடுத்தவர்களில் அது 21.8 வீதம். 26.5இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைத்தான் 20 வீதம் என்கிறார்கள். அதாவது 100 பேருக்குக் கொடுத்தால் ஐந்து பேர் அளவில் தப்புகிறார்கள். நல்ல பலன்தான், ஆனால் "20 வீதம்" என்று கேட்கும்போது மனதில் எழும் படம் வேறு.

அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 64. நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆண்கள். மேல் பிரஷர் 100க்குக் கீழே இருந்தவர்களை ஆரம்பத்திலேயே சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களுக்கும் முதலில் இரண்டு மருந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு உள்ளிட்ட காரணங்களால் ஐந்தில் ஒருவர் அப்போதே விலகிவிட்டார். உங்கள் அம்மாவின் 96க்கு அங்கே இடமே கிடைத்திருக்காது. கிளினிக்கில் தயங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உண்மையில் என் கவலை அம்மா ஏற்கெனவே எடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் பற்றியது. அது இறப்பை 30 வீதம் குறைத்ததாக 1999இல் ரேல்ஸ் ஆய்வு காட்டியது. ஆனால் இந்தக் குளிசை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடியது. அதனால் அந்த ஆய்வில் பொட்டாசியத்தை முதல் மூன்று மாதம் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தார்கள். முடிவு வெளியானதும் கனடாவின் ஒன்டாரியோவில் வைத்தியர்கள் அந்தக் குளிசையை அள்ளி எழுதினார்கள். நோயாளிகளோ ஆய்வில் இருந்தவர்களைவிட முதியவர்கள். எனலாப்ரில் வகை மருந்து எடுத்த முதிய இதய நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் 1994இல் 1,000 பேருக்கு 2.4 ஆக இருந்து 2001இல் 11 ஆனார்கள். அதே மருந்துதான், ஆனால் நோயாளிகள் வேறு, ஆய்வில் இருந்த கண்காணிப்பும் எல்லாருக்கும் கிடைத்திருக்காது. அம்மாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து, பொட்டாசியமும் சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினினும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேடுங்கள். மாதக்கணக்காகிவிட்டது என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போய்க் கேளுங்கள்.

வீட்டிலும் சில விடயங்கள் உண்டு. தினமும் இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் உண்டு. வெளிநாட்டு 'லோ சோடியம்' உப்பு பலவற்றில் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதையும் தம்பி அனுப்பக் கூடாது! முழங்கால் வலிக்குப் பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம்: சிறுநீரகத்தைக் கெடுத்து, உடம்பில் நீரையும் கட்டவைக்கும்.

அதற்காக, வயதானவர் என்று சொல்லிப் புது மருந்து எதையுமே தொடாமல் விடுவதும் சரியில்லை. சீனி வருத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கும் டபாக்லிஃப்ளோசின் என்ற குளிசையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 2019இல் வெளியான டாபா ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது, சீனி வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஈஜிஎஃப்ஆர் 30க்கு மேலும், மேல் பிரஷர் 95க்குக் குறையாமலும் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். அம்மா விளிம்பில் நின்றாலும் உள்ளேதான் வருகிறா. பிரஷரையும் இது பெரிதாக இறக்காது. தொடங்கினால் ஃபுரோசமைட்டின் அளவைக் குறைக்க வேண்டுமா என்றும், வாந்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பிட முடியாத நாட்களில் எந்தெந்தக் குளிசையை நிறுத்திவைப்பது என்றும் கேட்டுக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள்.