பழைய பாடகர் நம் பேண்டின் பெயரில் கச்சேரி செய்தால் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கோவையில் 2016 முதல் ராக் பேண்ட் நடத்துகிறோம். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடல்களை வாசித்து ஆரம்பித்தோம். இப்போது சொந்தப் பாட்டு எட்டு இருக்கிறது. எங்கள் முதல் பாடகர் 2019-ல் சண்டை போட்டுக்கொண்டு விலகினார். இப்போது ஓர் ஏற்பாட்டாளர் அவரோடு நான்கு புதுப் பையன்களைச் சேர்த்து, எங்கள் பெயரிலேயே ஒரு கல்லூரியில் கச்சேரி அறிவித்திருக்கிறார். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. எங்கள் மேனேஜர், “பேரை என் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், நீங்க கவலைப்படாதீங்க” என்கிறார். வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்கும். பாடகரை நிறுத்த வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது மேனேஜர் சொன்ன அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பாடகர். நீங்கள் டீப் பர்ப்பிள் வாசித்து வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் கதையை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு இன்று நடப்பது அவர்களுக்கு 1980-ல் அச்சு அசலாக நடந்தது.

1968-ல் இங்கிலாந்தில் அந்தக் குழு சேர்ந்தபோது பாடகர் ராட் எவன்ஸ், பேஸ் கிட்டார் நிக் சிம்பர். கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பெய்ஸ். முதல் வருடமே ‘ஹஷ்’ பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்குப் போனது. அதைப் பாடியவர் எவன்ஸ். ஆனால் 1969-ல் மற்ற மூவருக்கும் இன்னும் கனமான, சத்தமான இசை வேண்டியிருந்தது. அதற்கு எவன்ஸின் குரல் ஒத்துவராது என்று முடிவு செய்தார்கள். இயன் கில்லன், ராஜர் குளோவர் இருவரையும் அழைத்துவந்து ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள். அதே நாட்களில் எவன்ஸும் சிம்பரும் ஒன்றும் தெரியாமல் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். எவன்ஸ் மேல் எனக்கு இன்றும் இரக்கம் உண்டு. உங்கள் பழைய பாடகருக்கும் அப்படி ஒரு மனக்காயம் இருக்கலாம், அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த சில வருடங்களில் வந்ததுதான் உலகம் அறிந்த டீப் பர்ப்பிள். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில், அவர்கள் ஆல்பம் பதிவு செய்வதற்காகப் பேசிவைத்திருந்த கேசினோ, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடக்கும்போதே எரிந்துபோனது. கூட்டத்தில் யாரோ ஒருவர் சுட்ட ஃபிளேர் வெடிதான் காரணம். ஏரியின் மேல் படர்ந்த அந்தப் புகைதான் நீங்கள் எல்லாரும் முதல் நாள் கிட்டாரில் வாசித்துப் பழகும் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு. பிறகு ஆளில்லாத கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில், சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்துவைத்து ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பதிவுக் கருவிகள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வண்டியில், வெளியே நின்றன. வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வண்டிவரை நடக்க வேண்டும். அலுத்துப்போய், கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டிலும் ஐந்து பேர் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. யார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) போட்டார், யார் வரி எழுதினார் என்ற கணக்கு இல்லை. 1973-ல் கில்லனும் குளோவரும் விலகியபோது குழுவின் பெயரை அவர்கள் எடுத்துப்போக முடியவில்லை. பாட்டில் அவர்களுக்கு இருந்த பங்கை யாரும் பறிக்கவும் முடியவில்லை. பெயர் வேறு, பாட்டு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள்.

1975-ல் பிளாக்மோரும் போனார். அந்த இசையின் முதுகெலும்பே அவர்தான். ஆனால் பெயர் அவரோடு போகவில்லை. ரெயின்போ என்று புதுப் பெயரில் தொடங்க வேண்டியிருந்தது. 1976-ல் குழுவே கலைந்தது.

நான்கு வருடம் கழித்து, 1980-ல், சில ஏற்பாட்டாளர்கள் ராட் எவன்ஸைத் தேடிப் பிடித்தார்கள். அவரோடு, குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு பேரைச் சேர்த்து ‘டீப் பர்ப்பிள்’ என்று மெக்சிகோ, அமெரிக்கா, கனடா முழுவதும் டிக்கெட் விற்றார்கள். தான் விலகி இரண்டு வருடம் கழித்து உருவான மோன்ட்ரோ பாட்டை எவன்ஸ் மேடையில் பாடினார். ஆகஸ்டில் லாங் பீச்சில் பெரிய அரங்கக் கச்சேரி அறிவிக்கப்பட்டதும், அசல் குழுவின் தரப்பு லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. “இந்தக் கச்சேரியில் கீழ்க்கண்டவர்கள் வரமாட்டார்கள்” என்று சொல்லி, பிளாக்மோர், லார்ட், பெய்ஸ், கில்லன், குளோவர், அவர்கள் இருவருக்குப் பிறகு சேர்ந்த கவர்டேல், ஹியூஸ் என்று வரிசையாகப் பெயர்கள்.

வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. எதிர்த்தரப்பு கெட்டிக்காரத்தனமாக ‘டீப் பர்ப்பிள்’ என்ற பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து வைத்திருந்தது. அது ஒன்றுக்கும் உதவவில்லை. குழு கலைந்துவிட்டது, பெயர் அநாதை என்ற நினைப்பும் எடுபடவில்லை. பழைய இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டேதான் இருந்தன. அக்டோபரில் 6,72,000 டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதோடு, முதல் மூன்று ஆல்பங்களுக்காக எவன்ஸுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியும் போனது. அந்த மனிதர் இசையுலகை விட்டே ஒதுங்கிவிட்டார். 2016-ல் ராக் இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தபோதும் விழாவுக்கு வரவில்லை. அவரை முன்னால் நிறுத்திய ஏற்பாட்டாளர்களின் பெயர் இன்று யாருக்காவது தெரியுமா? தெரியாது. மேடையில் நிற்பவன்தான் மாட்டுவான்.

சரி, உங்களுக்கு வருவோம். நம் ஊரிலும் அடிப்படை இதேதான். 2016 முதல் அந்தப் பெயரில் இடைவிடாமல் கச்சேரி செய்தவர்கள் நீங்கள். டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிவே இல்லாவிட்டாலும், ஒருவர் உழைத்துச் சம்பாதித்த பெயரை இன்னொருவர் தன்னுடையதுபோல் காட்டி மக்களை ஏமாற்றக் கூடாது என்று வழக்குப் போடலாம். அதற்குத் தேவை தேதி போட்ட ஆதாரம். பழைய போஸ்டர், யூடியூப் பதிவு, வங்கியில் வந்த கச்சேரிப் பணம், கல்லூரிகள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஞாபகத்தில் இருப்பதை நீதிமன்றம் வாங்கிக்கொள்ளாது.

ஒரே ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். விலகியவர் உண்மையைச் சொல்லலாம். “இன்ன பேண்டின் முன்னாள் பாடகர்” என்று தன் சொந்தப் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. 2016 முதல் 2019 வரை அவர் பாடியது உண்மைதானே. அதை மறைக்கச் சொல்லி நீங்கள் கேட்க முடியாது. ஆனால் எப்படிப் போடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் பெயர் பெரிதாகவும் “முன்னாள்” என்ற சொல்லும் பேண்டின் பெயரும் ஒரே சின்ன அளவிலும் இருந்தால் விட்டுவிடுங்கள். பேண்டின் பெயர் ஓரடி உயரத்திலும் “முன்னாள்” கடுகளவிலும் இருந்தால் விடாதீர்கள். உங்கள் லோகோவைப் போட்டால் அது உண்மையைச் சொல்வதில் சேராது. உங்கள் குழுப் படத்தைப் போட்டாலும் அப்படியே. போஸ்டரில் “முன்னாள்” இருந்து, டிக்கெட் விற்கும் தளத்தில் இல்லாமல் போனால், அதையும் தனியாகப் படம் பிடித்து வையுங்கள். எவன்ஸ் தன் பெயரில் ஒரு குழு தொடங்கி, கீழே “முன்னாள் டீப் பர்ப்பிள் பாடகர்” என்று போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்கவே வேண்டாம்.

இப்போது மேனேஜர். “பேரை என் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்” என்று அவர் சொன்னது உண்மையானால், பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால், இன்று பாடகருக்கு அனுப்பப்போகும் அதே நோட்டீஸ் உங்கள் ஐந்து பேருக்கும் வரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். என்னிடம் வந்த ஒரு குழுவில், மேனேஜர் முதல் கச்சேரிக்கு ஆம்ப்ளிஃபயர் வாடகை கொடுத்த நல்லவர். எல்லாரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் “எல்லா விஷயங்களையும் கவனிக்க” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிரிந்தபோது பெயர், யூடியூப் சேனல், அதன் பாஸ்வேர்டு எல்லாமே அவரிடம். அந்தப் பதிவைத் திருத்தக் கேட்டு விண்ணப்பித்தோம். விசாரணைத் தேதி வரும். முந்தின நாள் மாலை தள்ளிவைப்பு என்று வரும். இப்படியே நான்கு வருடம். அதற்குள் டிரம்மர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார், குழு இல்லை. உரிமை இருப்பவனைக் காக்கவைத்தே களைப்படையச் செய்யும் இந்த முறையை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

டீப் பர்ப்பிளே பணம் பார்த்துக்கொள்பவர்களிடம் தப்பவில்லை. அவர்களுடைய ராயல்டியை நிர்வகித்த இரண்டு கம்பெனிகளின் இயக்குநர் ஒருவர், அந்தக் கம்பெனிகளிலிருந்து 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது பின்னால் தெரியவந்தது. பிரிட்டனில் 11 வருடம் அவர் எந்தக் கம்பெனிக்கும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். உலகப் புகழும் வக்கீல் பட்டாளமும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே இன்றே டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் உங்கள் பேண்டின் பெயரைத் தேடுங்கள். தேடுவது இலவசம், யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். பெயரை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பதிவில் வகுப்பு மாறும்: மேடை நிகழ்ச்சிகளுக்கு 41-ஆம் வகுப்பு, ஒலிப்பதிவுகளுக்கு 9-ஆம் வகுப்பு. மூன்றில் ஒன்று தெரியவரும். மேனேஜர் விண்ணப்பிக்கவே இல்லை என்றால் நீங்களே விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். அவர் விண்ணப்பித்து, அது பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியாகியிருந்தால், வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு அழுதவர்கள் நிறைய. பதிவே ஆகிவிட்டது என்றால், உங்கள் பெயருக்கு எழுதித் தரும்படி அவரைக் கேளுங்கள். அவர் மறுத்தால்தான் நான் சொன்ன அந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டிவரும்.

“முப்பது நாளில் பதிவு, சார், உறுதி” என்று போன் செய்யும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். முப்பது நாளில் கிடைப்பது விண்ணப்ப எண் மட்டும். பேண்டின் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் போதும் என்று சொல்லும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். அந்தக் கலிபோர்னியா வழக்கைத்தான் சற்று முன் படித்தீர்கள்.

உங்களுக்குள் ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஐவருக்கும் பொது, விலகுபவர் பெயரை விட்டுச் செல்ல வேண்டும், பாட்டில் அவர் பங்கு அவருக்கே. இந்த மூன்று வரி போதும். பழைய பாடகர் பாடிய பதிவுகளுக்கோ எழுதிய வரிகளுக்கோ அவருக்குச் சேர வேண்டியது பாக்கி இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள். நீதிமன்றத்தில் உங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, எட்டுப் பாட்டு இருக்கிறது என்றீர்களே. உங்களில் யாராவது இதற்கு முன் வேறு ஏதாவது லேபிளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 1974-ல் டீப் பர்ப்பிளின் ‘பர்ன்’ ஆல்பத்துக்குப் பாட்டெழுதிய கிளென் ஹியூஸின் பெயர், பழைய ஒப்பந்தச் சிக்கலால் அதில் வரவில்லை. பல வருடம் கழித்து மறுவெளியீட்டில்தான் சேர்த்தார்கள். நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருடத்துக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் தயாராக அச்சடித்த அக்ரிமென்ட்களில் “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். பாடகருக்கும் ஏற்பாட்டாளருக்கும் மட்டும் அனுப்பி நிறுத்திவிடாமல், கல்லூரி முதல்வருக்கும் டிக்கெட் விற்கும் தளத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெரும்பாலான கல்லூரிகள் வம்பு வேண்டாம் என்று போஸ்டரை மாற்றச் சொல்லிவிடும். நீதிமன்றம்வரை போகவே தேவையிருக்காது. மாற்றாவிட்டால் கச்சேரிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாக இடைக்காலத் தடை கேட்டு மனுப் போடுங்கள். முந்தின நாள் போய் நின்றால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிபதி கேட்பார். வக்கீலைப் பார்க்கப் போகும்போது மேனேஜரை அழைத்துப் போக வேண்டாம். ஐந்து பேரும் போங்கள்.