அதே கதவு, அதே மேசை, அதே விளக்கு

அன்புள்ள சார்,

பழைய கார்ட்டூன்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு என் மகனுக்கு ஸ்கூபி டூவும் ஹீ-மேனும் போட்டுக் காட்டினேன். தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்ப்பதற்காகப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியவன் நான். மகனுக்குப் பதினோரு வயது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அப்பா, அதே கதவு பன்னிரண்டு தடவை வந்துடுச்சு" என்றான். ஹீ-மேன் எல்லாக் கதையிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறானாம். எந்தக் கல் உருளப்போகிறது என்பதுகூட முன்னாடியே தெரிந்துவிடுகிறதாம். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஸ்டூடியோக்காரர்கள் சோம்பேறிகளா? அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இது உறுத்தவே இல்லையா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கதவை எண்ணிய பையனுக்கு முதலில் ஒரு சபாஷ். அவன் பார்த்தது அத்தனையும் சரி. காரணம் மட்டும் சோம்பேறித்தனம் அல்ல.

1957-இல் ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே புதுப் படத்துக்கு வரும் வசூலில் பெரும்பகுதி வந்துவிடுகிறது என்று கணக்குப் பார்த்திருந்தார்கள். பிறகு புதிதாக எதற்குப் படம்? டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் வெளியே வந்து தொலைக்காட்சியின் கதவைத் தட்டினார்கள். தியேட்டருக்காக ஏழு நிமிட டாம் அண்ட் ஜெர்ரி எடுக்க 40,000 டாலருக்கு மேல் ஆகும். தொலைக்காட்சியில் ஐந்து நிமிடத்துக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். நிமிடக் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 'சரி' என்று சொல்லிவிட்டார்கள். யோகி கரடியும் ஸ்கூபி டூவும் இவர்களுடைய ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவின் படங்கள். அந்த 'சரி'யிலிருந்து பிறந்ததுதான் உங்கள் மகன் எண்ணிய கதவு.

கொஞ்சம் கணக்கு. பிலிமில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒரு படத்தை இரண்டு சட்டகம் நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். இருபத்திரண்டு நிமிடக் கதைக்கு 15,840 வருகிறது. வாராவாரம் இவ்வளவு யார் வரைவது? ஆகவே ஓட்டத்துக்கு எட்டுப் படம் வரைந்து அதையே சுற்றவிடுவார்கள். எட்டுப் படம், ஆளுக்கு இரண்டு சட்டகம், ஒரு சுற்றுக்கு 16. ஒன்பது சுற்று சுற்றினால் ஆறு விநாடித் துரத்தல் தயார். பின்னணி ஒரு நீளமான ஓவியம். அதன் வால் தலையோடு பொருந்தும்படி தீட்டியிருப்பார்கள். ஓடுகிறவர்கள் நின்ற இடத்திலேயே ஓட, கதவும் மேசையும் விளக்கும் திரும்பத் திரும்ப அவர்களைக் கடந்துபோகும்.

யோகி கரடியின் கழுத்தைப் பாருங்கள். காட்டுக் கரடிக்கு எதற்குக் காலரும் டையும்? தலையையும் உடம்பையும் தனித்தனித் தாளில் வரைந்தால், பேசும்போது தலையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஒட்டு தெரியாமல் இருக்கக் கழுத்தில் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடுதான் காலர். யாராவது மோதி விழுகிற காட்சி என்றால் இன்னும் சுலபம். ஆள் சட்டகத்தைவிட்டு வெளியே ஓடுவான், தடால் என்று சத்தம், கேமரா குலுங்கும், அவ்வளவுதான். விழுந்ததை யாரும் வரையவில்லை, நாமாகப் பார்த்துக்கொண்டோம். இந்த வகைக் கார்ட்டூனைப் 'படம் போட்ட ரேடியோ' என்று கிண்டல் செய்தார் பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ். கிண்டல்தான், ஆனால் பாதி உண்மை. யோகியாகப் பேசிய டாஸ் பட்லரும் ஸ்கூபியாகப் பேசிய டான் மெஸ்ஸிக் என்பவரும் இல்லாவிட்டால் அந்தப் படங்கள் நின்றிருக்காது. 1961-இல் மெல் பிளாங்க் என்ற குரல் நடிகர் பெரிய கார் விபத்தில் சிக்கினார். உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுத்த படுக்கையில் கிடந்தவருக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டு, ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனில் வரும் பார்னியின் குரலைப் பதிவு செய்தார்கள். படத்துக்கு ஈடு செய்யலாம், குரலுக்கு முடியாது.

உருளப்போகும் கல்லுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்தக் கல்லைப் புரிந்துகொள்ள முதலில் 'செல்' தெரிய வேண்டும். கைப்பேசி அல்ல, செல்லுலாய்டு என்பதன் சுருக்கம். கண்ணாடி போல ஒளி புகும் தாள். பென்சில் படத்தின் கோட்டை அதன் முன்பக்கத்தில் மையால் இழுப்பார்கள். பிறகு திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் நிரப்புவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தூரிகைத் தடம் தெரியாது, வண்ணம் கோட்டைத் தாண்டி வந்திருந்தாலும் தெரியாது. இந்த மை-வண்ணப் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். கைரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்பார்கள், தூரிகை பிடிக்க வேண்டிய விரல்கள் மட்டும் வெளியே தெரியும்படி வெட்டிவிட்டு.

இப்போது கரடியின் உடம்பு ஒரு தாள், தலை ஒரு தாள், வாய் ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பின்னணியின் மேல் அடுக்கி, கண்ணாடியால் அழுத்திப் படமெடுக்கிறார்கள். தாள் ஒளி புகுவதுதான், ஆனாலும் ஒவ்வொரு தாளும் தனக்குக் கீழே இருப்பதை ஒரு இம்மி மங்கலாக்கும். அடித்தாளுக்கும் மேல்தாளுக்கும் ஒரே பழுப்பைப் பூசினால் திரையில் கழுத்துக்குக் கீழே ஒரு கரடி, மேலே வேறொரு கரடி. அதற்காக ஒரே பழுப்பில் அடுக்குக்கு ஒரு சாயல் கலந்து, எண் எழுதிய குப்பிகளில் வைத்திருப்பார்கள். இந்தக் கை எத்தனையாவது அடுக்கு என்று பார்த்து, அதற்குரிய குப்பியைத் திறக்க வேண்டும். குப்பி மாறினால் கை மட்டும் வெளுத்துப்போகும். ஒரு நாளைக்கு எத்தனை தாள், எத்தனை குப்பி! நாம் ஒரு தடவைகூட அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பாராட்டு.

கல்லும் அப்படித்தான். அசையாத கற்களெல்லாம் பின்னணி ஓவியத்தில் நிழலும் சொரசொரப்புமாகத் தீட்டப்பட்டவை. உருளப்போகும் கல் மட்டும் செல்லில் ஒரே தட்டை நிறமாக, சுற்றிக் கோடு போட்டபடி உட்கார்ந்திருக்கும். உங்கள் மகன் கண்டுபிடித்தது அந்த வித்தியாசத்தை.

இவ்வளவு வேலையும் வருடம் முழுக்க இருந்ததா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் சனிக்கிழமைக் காலை என்றால் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். புது நிகழ்ச்சிகள் செப்டம்பரில் தொடங்கும். சேனல்கள் ஆர்டர் கொடுப்பது வசந்த காலத்தில். நடுவிலிருக்கும் கோடையில் ராப்பகலாக ஓவர்டைம். சரக்கு போய்ச் சேர்ந்ததும் கும்பல் கும்பலாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்கள். தீபாவளி முடிந்த சிவகாசி மாதிரி. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் மை-வண்ணப் பிரிவுக்கு மேற்பார்வையாளரின் பெயர் ஒன்று வரும். குப்பி திறந்தவர்கள் பெயர் வராது.

உறுத்தவில்லையா என்று கேட்டீர்களே. இவாவ் டகமோட்டோ என்று ஒருவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக அமெரிக்காவின் மான்சனார் முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டவர். அந்த முகாமில் இருந்த ஓவியர்களிடம்தான் படம் போடக் கற்றார். 1945-இல் டிஸ்னியில் சேர்ந்தார். 1961-இல் ஹன்னா-பார்பெராவுக்கு வந்தார். ஸ்கூபி டூவை வரையும் முன், கிரேட் டேன் நாய் வளர்க்கும் சக ஊழியர் ஒருவரிடம் பரிசு வாங்கும் நாய்க்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று விசாரித்தார். நேரான முதுகு, நேரான கால் என்று பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் தலைகீழாக்கி, கூன் முதுகும் வளைந்த காலும் வைத்து வரைந்தார். டிஸ்னியின் வளத்தில் பழகிய கை அது. அசைவுக்குக் காசில்லை என்றதும் உருவத்திலேயே சிரிப்பை வைத்துவிட்டது. உறுத்தல் இருந்திருக்கலாம், வேலையில் அது தெரியவில்லை.

அப்புறம் ஹீ-மேன். 1983-இல் வந்த இது ஹன்னா-பார்பெரா அல்ல, லூ ஷைமரின் ஃபில்மேஷன். கேலி பேசுவதற்கென்றே நேர்ந்துவிட்டது போன்ற ஸ்டூடியோ. ஓடுவது, குதிப்பது, திரும்பிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவை நன்றாக வரைந்து சேமித்து வைப்பார்கள், பிறகு எல்லாக் கதையிலும் அதையே எடுத்துப் போடுவார்கள். 130 கதை, ஒரே ஓட்டம். அதில் வரும் குட்டி மந்திரவாதி ஆர்கோவின் குரல்கூட முதலாளி ஷைமருடையதுதான், பட்டியலில் வேறு பெயர் போட்டுக்கொண்டார்.

ஆனால் அதே காலத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க வரைகிற வேலையையே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், தைவானுக்கும் கொரியாவுக்கும். ஹன்னா-பார்பெரா 1972-லேயே சிட்னியில் கிளை தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கார்ட்டூன் தொழிலாளர் சங்கம் 1979-இல் வேலைநிறுத்தம் செய்து, வேலை வெளியே போவதற்கு ஒரு கட்டுப்பாடு வாங்கியது. 1982-இல் அதைக் காப்பாற்ற மறுபடி நிறுத்தினார்கள். ஏறக்குறைய பத்து வாரம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். ஃபில்மேஷன் மட்டும் ஏறக்குறைய முழு வேலையையும் ஊரிலேயே வைத்துக்கொண்டது. அமெரிக்கச் சம்பளம் கொடுத்து அந்த பட்ஜெட்டில் படம் முடிக்க ஒரே வழிதான் இருந்தது, ஏற்கெனவே வரைந்ததை மறுபடி போடுவது. ஹீ-மேன் ஒரே மாதிரி ஓடியதால் அங்கே சிலருக்கு வீட்டு வாடகை தவறாமல் போயிற்று. எனக்கும் அந்த ஓட்டம் அலுப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களைவிட ஷைமர் கலைஞர் என்றும் சொல்ல வரவில்லை. சோம்பேறி என்ற சொல்லை மட்டும் அந்த ஸ்டூடியோவுக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு நிறுவனம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு வேண்டியது பழைய படங்களின் உரிமை, வரைகிற ஆட்கள் அல்ல. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தை மூடுவதென்றால் அறுபது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அமெரிக்காவில் அப்போது ஒரு புதுச் சட்டம் வரவிருந்தது. 1989 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை ஃபில்மேஷனை மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். சட்டம் அமலுக்கு வந்தது மறுநாள், சனிக்கிழமை.

அன்புடன்.