துருவ ஒளி ஏன் சுருள் சுருளாக நெளிகிறது?

"அலாஸ்கா வீடியோவில் பச்சைத் திரை சுருண்டு சுருண்டு போகிறதே, மேலே காற்றா அடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று காரணமில்லை. துருவப் பகுதிகளின் இரவு வானில் தெரியும் அந்தத் துருவ ஒளி (அரோரா) 100 கி.மீ.க்கும் மேலே, மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவில் எழுகிறது.

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரியில் வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள். படகை ஒட்டிய நீர் இழுபட்டு ஓடும். கொஞ்சம் தள்ளியிருக்கும் நீர் சும்மா கிடக்கும். இரண்டும் உரசும் கோட்டில் சின்ன நெளிவு எழும், பெருக்கும், சுருண்டு சுழியாகும். கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை என்பது இதுதான்.

துருவ ஒளியிலும் இதே கதைதான். அந்த ஒளியைத் தரும் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகள் வழியே மெல்லிய தகடுகளாக இறங்குகின்றன. சில ஆயிரம் கி.மீ. உயரத்தில், தகட்டின் இரு பக்கமும் மின்புலம் எதிரெதிர் திசையில் இருக்கும். பிளாஸ்மாவோ மின்புலம், காந்தப்புலம் இரண்டுக்கும் குறுக்கே நகரும். ஆகவே ஒரு பக்கம் கிழக்கே ஓடினால் மறுபக்கம் மேற்கே ஓடும். நடுவில் மாட்டிய தகடு சுருளாமல் என்ன செய்யும்? சில கி.மீ. அகலச் சுருள்கள் இப்படித்தான் பிறக்கின்றன. 50 கி.மீ.க்குக் குறையாத பெரிய சுழல்களுக்குக் காரணம் வேறு: அங்கே தகடாகப் பாயும் மின்னோட்டமே நிலைகுலைகிறது.

நமக்கு இங்கே துருவ ஒளி தெரியாது. ஆனால் பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு பினாங்குக்குப் பக்கம்தான். அதையொட்டிப் பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தில், எலக்ட்ரான்கள் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) மிக வேகமாக முந்தும்போது மீட்டர் அளவில் கொந்தளிப்பு எழும். 1963இல் இயற்பியலாளர்கள் ஃபார்லியும் புனேமனும் விளக்கிய இதே கொந்தளிப்பு துருவ ஒளிப் பகுதியிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ரேடாருக்குத் தெரியும்.