சர்க்கரையின் முதல் கார்பன்: கேள்வி பதில்

கேள்வி: சார், டிஎன்ஏ, ஆர்என்ஏவின் கூறான நியூக்ளியோசைடில் சர்க்கரையும் காரமும் (நைட்ரஜன் உள்ள வளைய மூலக்கூறு) சேரும் இடத்தை என்-கிளைக்கோசைடிக் பிணைப்பு என்கிறார்கள். புரதத்தில் சர்க்கரை சேர்வதற்கும் அதே பெயர்தான். இரண்டும் ஒன்றா?

பதில்: பிணைப்பின் வகை ஒன்றேதான். வளையமாக இருக்கும் சர்க்கரையில் ஒரே ஒரு கார்பன் மட்டும் இரண்டு ஆக்சிஜன்களோடு சேர்ந்திருக்கும். ஒன்று வளையத்துக்குள் இருப்பது, மற்றொன்று வெளியே நிற்கும் ஹைட்ராக்சில். அந்தக் கார்பனுக்கு அனோமெரிக் கார்பன் என்று பெயர். குளுக்கோஸிலும் ரைபோஸிலும் அது முதல் கார்பன். வெளி ஹைட்ராக்சிலின் இடத்தை இன்னொரு மூலக்கூற்றின் நைட்ரஜன் பிடித்தால் என்-கிளைக்கோசைடிக், ஆக்சிஜன் பிடித்தால் ஓ-கிளைக்கோசைடிக்.

டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் அடினைன், குவானைன் ஆகிய பியூரின்கள் 9-ஆம் நைட்ரஜன் வழியாகச் சேர்கின்றன. சைட்டோசின், தைமின், யுராசில் ஆகிய பிரிமிடின்கள் 1-ஆம் நைட்ரஜன் வழியாக. புரதத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியிலுள்ள அமைடு நைட்ரஜன் வழியாக. எல்லாமே பீட்டா அமைப்பு, அதாவது வழக்கமான படத்தில் பிணைப்பு வளையத்துக்கு மேற்பக்கம் நிற்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, முதல் கார்பனை வட்டமிட்டு ஒருமுறை படம் வரைந்து பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேள்வி: சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டுமே. நீர் நிறைந்த செல்லுக்குள் அது எப்படி நடக்கிறது?

பதில்: சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். ஹைட்ராக்சில் சுலபமாக விலகாது. அதனால் செல் முதலில் சர்க்கரையைத் தயார்படுத்துகிறது. முதல் கார்பனில் பாஸ்பேட் தொகுதியை ஏற்றிவிட்டால் அது எளிதில் விலகும். ரைபோஸுக்கு அந்த வடிவம் பாஸ்போரைபோசில் பைரோபாஸ்பேட். அதில் பைரோபாஸ்பேட் (இரண்டு பாஸ்பேட் சேர்ந்தது) ஆல்ஃபா பக்கம், அதாவது கீழ்ப்பக்கம் இருக்கிறது. நைட்ரஜன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர்வதால்தான் நமக்குப் பீட்டா பிணைப்பு கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. பிரிமிடினில் ஓரோட்டேட் என்ற வளையம் முதலில் உருவாகி, பிறகு ரைபோஸோடு சேர்கிறது. பியூரினில் வரிசை தலைகீழ். குளுட்டமினிலிருந்து வரும் ஒரே ஒரு நைட்ரஜன் முதலில் ரைபோஸில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல்தான் முழு வளையமும் அணு அணுவாகக் கட்டப்படுகிறது. அந்த முதல் நைட்ரஜனே பின்னால் 9-ஆம் நைட்ரஜன் ஆகிறது.

கேள்வி: புரதத்தில் எந்த அஸ்பரஜின் கிடைத்தாலும் சர்க்கரை ஏறுமா?

பதில்: ஏறாது. அஸ்பரஜின், அடுத்து புரோலின் தவிர ஏதாவது ஒன்று, அடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமில வரிசை வேண்டும். வரிசை இருந்தாலும் எல்லா இடத்திலும் ஏறிவிடாது. ஏறும்போது ஒவ்வொன்றாக அல்ல, டோலிக்கால் என்ற கொழுப்பின் மேல் முன்பே கட்டிவைத்த 14 சர்க்கரைகளின் தொகுதி எண்டோபிளாச வலைக்குள் மொத்தமாக மாற்றப்படுகிறது.

கேள்வி: ஓ-வகையிலும் இப்படித்தானா?

பதில்: இல்லை. பெரும்பாலும் செரின், திரியோனினின் ஹைட்ராக்சிலில், கோல்கி உறுப்பில், ஒவ்வொரு சர்க்கரையாகச் சேரும். நிலையான வரிசை விதி கிடையாது. கொலாஜனில் ஹைட்ராக்சிலைசின் மேல் கேலக்டோஸ் ஏறுகிறது.

கேள்வி: அம்மாவுக்கு எச்பிஏ1சி பார்க்கச் சொன்னார்கள். ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுவதைத்தான் அளக்கிறார்களாம். இதுவும் கிளைக்கோசைடிக் பிணைப்புதானே சார்?

பதில்: இல்லைங்க. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இதுவரை சொன்னதெல்லாம் நொதி செய்வது. எச்பிஏ1சியில் நொதியே கிடையாது.

குளுக்கோஸில் மிகச் சிறு பங்கு எப்போதும் வளையம் திறந்து ஆல்டிஹைடாக இருக்கும். அது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலித் தொடக்கத்தில் இருக்கும் வேலினின் அமினோ தொகுதியைச் சந்தித்தால் ஷிஃப் காரம் என்ற தற்காலிக இணைப்பு உண்டாகும். இந்த நிலையில் திரும்பிப் பிரிந்துவிட முடியும். பிரியாமல் அமடோரி மறுசீரமைப்பு நடந்துவிட்டால் கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இரண்டாம் கார்பனுக்கு நகர்ந்து, பிணைப்பு நிலைத்துவிடும். இதுவும் நைட்ரஜனோடு சேர்ந்த பிணைப்புதான், ஆனால் முதல் கார்பன் இப்போது அனோமெரிக் கார்பன் அல்ல. ஆகவே இது கிளைக்கோசைடு இல்லை. நொதி சேர்த்தால் கிளைக்கோசைலேஷன், தானாக ஒட்டினால் கிளைக்கேஷன்.

இரத்தத்தில் குளுக்கோஸ் கூடக் கூட ஒட்டுவதும் கூடும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் அதில் பதிந்திருக்கும், கடைசி மாதத்தின் பங்கு அதிகமாக. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோயோ, அண்மையில் பெரிய இரத்தப்போக்கோ இருந்தால் அளவு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் கூட்டிக் காட்டக்கூடும். அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: டிஎன்ஏவில் இந்தப் பிணைப்பு உடையுமா?

பதில்: தினமும் உடைகிறது. ஒரு மனித செல்லில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பியூரின்கள் நீரோடு வினைபுரிந்து உதிர்கின்றன. அமிலத்தில் இன்னும் வேகமாக. ஆர்என்ஏவில் ரைபோஸின் 2-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் இந்தப் பிணைப்பை உறுதியாக்குகிறது, டிஎன்ஏவில் அது இல்லை. டிஎன்ஏ இப்படித் தானாகவே சிதைவதைக் காட்டியவர் தோமஸ் லிண்டால். செல் அதைச் சரிசெய்யும் வழிகளை ஆராய்ந்ததற்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்தார். செல்லே வேண்டுமென்று வெட்டுவதும் உண்டு. சைட்டோசின் கெட்டு யுராசிலாக மாறிவிட்டால், ஒரு கிளைக்கோசைலேஸ் நொதி அந்தப் பிணைப்பை மட்டும் வெட்டிக் காரத்தை அகற்றும்.

கேள்வி: காரம் நைட்ரஜன் வழியாகத்தான் சேர வேண்டுமா? விதிவிலக்கு உண்டா?

பதில்: உண்டு, சூடோயுரிடின். அதில் யுராசிலின் 5-ஆம் கார்பன் நேராக ரைபோஸின் முதல் கார்பனோடு சேர்கிறது. கடத்து ஆர்என்ஏவிலும் ரைபோசோம் ஆர்என்ஏவிலும் இது நிறைய. மெத்தில் தொகுதி சேர்ந்த இதன் வடிவம்தான் ஃபைசர், மாடர்னா கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் யுரிடினுக்கு (யுராசிலும் ரைபோஸும் சேர்ந்த வழக்கமான நியூக்ளியோசைடு) பதிலாக வைக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காகக் காத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் 2023-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். கார்பன்-கார்பன் பிணைப்பு என்பதால் நம் உடலால் சூடோயுரிடினைப் பிரிக்க முடிவதில்லை. அது அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது.