ஸ்கேன் இருக்கட்டும், குதிகாலைத் தூக்குங்கள்

வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் பதில்

கேள்வி: திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 38. ஐந்து வாரத்துக்கு முன்பு பீஸ் பண்டலைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது இடுப்பைவிட, இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிப்பதுபோல் இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் ‘எல்5-எஸ்1 டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன்’ என்று வந்திருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். ஊரில் ஒரு பெரியவர், தட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார். தானாகவே சரியாகாதா?

பதில்: முதலில் எழுந்து சுவரோரமாக நில்லுங்கள். சுவரில் லேசாகக் கை வைத்து, இடது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். அப்புறம் வலது காலில். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் பொறுத்துப் பார்க்க அவகாசம் இருக்கிறது. இடது குதிகால் எழும்ப மறுத்தாலோ, நாளுக்கு நாள் பலம் குறைந்தாலோ, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் சொன்ன டாக்டரிடமே போய்க் காட்டுங்கள். சிறுநீர் அடைத்தால், தெரியாமல் கசிந்தால், உட்காரும் இடமும் பிறப்புறுப்பும் மரத்தால் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

இனி டிஸ்க் விஷயம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைதான் டிஸ்க். எல்5-எஸ்1 என்பது இடுப்பின் கடைசி எலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் நடுவில் இருப்பது. சுற்றிலும் கெட்டியான நார், நடுவில் நுங்கு போலக் கொழகொழப்பு. நார் கிழிந்து நடுப்பகுதி வெளியே வருவதைத்தான் எக்ஸ்ட்ரூஷன் என்கிறார்கள். அது பக்கத்து நரம்பை அழுத்துவதால்தான் கால் வரை இழுக்கிறது. நிறைய வெளியே வந்தால் நிறைய ஆபத்து என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கரைவதைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு. உள்ளே இருந்தவரை அங்கே ரத்த ஓட்டம் கிடையாது. வெளியே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. புது ரத்தக்குழாய்கள் எட்டிப்பார்க்கின்றன, விழுங்கும் அணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் வந்த கணக்குப்படி, வெறுமனே உப்பிய டிஸ்க் தானாகச் சுருங்கியது 13 சதவீதம்தான். உங்களுடையது போல வெளிவந்தது 70. அறுந்து தனித்துண்டாக விழுந்தது 96! இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் நரம்பைச் சுற்றியுள்ள அழற்சி தணிந்தாலே வலி இறங்கிவிடும், டிஸ்க் முழுதாகக் கரையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு, பக்கவாதம் வந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எனக்கும் உங்களுடையதுக்கு ஒரு படி மேலே உள்ள எல்4-எல்5 டிஸ்க் போனது. தும்மல் வருகிறது என்றாலே சுவரைப் பிடித்துக்கொள்வேன். ஊருக்கெல்லாம் ‘நடங்கள்’ என்று சொல்கிறவள், பயத்தில் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தேன். நெதர்லாந்தில் 183 பேரை வைத்துச் செய்து 1999ல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுத்தவர்களுக்குப் படுக்காதவர்களைவிட ஒரு நன்மையும் இல்லை என்று வந்திருந்தது. அதைப் படித்திருந்தும் படுத்தேன்! வலி அப்படியே இருந்தது, தொடைச் சதைதான் இளைத்தது. பிறகு தெருமுனைப் பால் பூத் வரை ஐந்து நிமிஷ நடை, காலையும் மாலையும். மூன்றாவது மாதம்தான் உட்காராமல், நின்றுகொண்டே சுடிதார் பேன்ட் போட முடிந்தது.

உங்களுக்குப் பகையே அந்த ஸ்டூல்தான். குனிந்து உட்காரும்போது டிஸ்கில் ஏறும் அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இது நஷ்டம், தெரியும். பண்டலை ஹெல்பர் தூக்கட்டும். வீட்டில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி இரண்டு நிமிஷம் இருந்து பாருங்கள். சுண்டுவிரல் வலி கெண்டைக்கால், தொடை என்று மேலே ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி. வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், ஆனால் அது டிஸ்க் வரை போகாது. பெரியவர் தட்டுவதும் டிஸ்கை உள்ளே தள்ளாது, ஏற்கெனவே நசுங்கிய நரம்புக்குத்தான் கேடு. கும்பிட்டு விடைபெறுங்கள்.

ஆபரேஷன் சொன்ன டாக்டர் மீது கோபம் வேண்டாம். கடும் கால்வலி இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்வு 2007ல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் வருஷத்துக்குள் ஆபரேஷனுக்கே போனார்கள். ஆனால் வருஷ முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பலம் குறையாதவரை, எத்தனை வாரம் தாங்க முடியும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். வாராவாரம் சுவரோரம் போய் அந்தப் பத்து முறையை எண்ணிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. முதுகுவலியே கிடையாது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் மூன்று இடத்தில் டிஸ்க் பல்ஜ் என்று இருக்கிறது. பெல்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். அறுபதுகளில், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் ஏழு பேருக்குப் பல்ஜ், அதாவது டிஸ்க் உப்பல், இருக்கும். ரிப்போர்ட்டைப் பீரோவில் வையுங்கள். அம்மா வழக்கம்போல மார்க்கெட்டுக்கு நடந்து போகட்டும்.